வீரமரணக் கடிதத்தை ரத்து செய்வது எப்படி

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர் என் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வாயாலேயே சொன்னது. பாதிக் கதை அவருடையது. மறுபாதி எனக்கு எப்படித் தெரியும் என்பதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்கு என்மேல் பரிதாபம் வந்துவிடும். பரிதாபம் வந்த பிறகு யாரும் கதையை ஒழுங்காகப் படிப்பதில்லை, சும்மா தலையை ஆட்டிக்கொண்டே போவார்கள்.

மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அந்தக் கடிதம்..." வேண்டாம். கிழமையும் மணியும் போட்டால் நீங்கள் நம்பிவிடுவீர்கள் என்ற அற்ப ஆசை அதில் இருக்கிறது. அதே வித்தையைச் செய்துதான் கதையில் ஒருவர் மாட்டிக்கொள்கிறார். தெரிந்தே நானும் போய் விழுவானேன்?

இரண்டாவது: "மனிதன் மரணத்தையும் ஏன் விளையாட்டாக்கி..." சீச்சீ. இப்படி ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்கே ஆகாது.

மூன்றாவது கீழே இருக்கிறது. சுமார்தான், ஆனால் வண்டி ஓடும்.

2.

ஆபீசில் அவருக்குக் கண்ணீர்ப்புகை என்று பெயர். அவசரத்துக்குப் புகை. எதை எழுதக் கொடுத்தாலும் படிப்பவர் கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிடுவார் என்பதால் வந்த பெயர். ஆயுள் காப்பீட்டுக்கு எழுதினாலும் சரி, கொசுவத்திக்கு எழுதினாலும் சரி. (கொசுவத்திக்கு அழுதவர்களில் நானும் ஒருவன். தூங்கும் குழந்தை, வேலைக்குக் கிளம்பும் அம்மா, அவள் ஏற்றி வைத்துவிட்டுப் போகும் அந்த வத்தி. மேற்கொண்டு சொல்லமாட்டேன்.)

அவர் கம்பெனிக்கு ஒரு வீடியோ கேம் வந்தது. போர் விளையாட்டு. பெயர் 'கடைசி அரண்'. மேலாளரை எல்லோரும் மேடம் என்பார்கள். அந்த மேடம் கூட்டத்தில் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"இதுல எல்லாரும் சாவாங்க. விளையாடறவனும் சாவான். இதை எப்படிங்க விக்கிறது?"

"சாவையே வித்துடலாம் மேடம்," என்றார் புகை.

யோசனை இதுதான். விளையாட்டை முன்பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் போகும். 'கடைசி அரண்' படைத் தலைமையகத்திலிருந்து, அவருடைய குடும்பத்தாருக்கு எழுதியது போல: உங்கள் வீட்டுப் பிள்ளை வீழ்ந்துவிட்டார். ஆள் தன் சாவுச் செய்தியைத் தானே பிரித்துப் படித்து, சிரித்து, படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுவார். பார்ப்பவர்களில் பாதிப் பேர் 'அடப்பாவிகளா' என்பார்கள், மீதிப் பேர் முன்பதிவு செய்வார்கள்.

இங்கே ஒரு நிமிடம் கதையை நிறுத்திக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் திட்டு என்பது நஷ்டம் கிடையாது. இதே கம்பெனி அதற்கு முந்தின வருடம் வேறொரு விளையாட்டுக்காக ஐம்பது பேரைக் கண்டன அட்டை பிடிக்க வைத்தது. "இந்த விளையாட்டைத் தடை செய்!" என்று தன் வாடிக்கையாளரின் வாசலிலேயே தன் ஆட்களை விட்டுக் கத்த வைத்தது. அந்த அட்டைகளை எழுதியதும் புகைதான். நாலு பேர் காறித் துப்பினால் நாற்பதாயிரம் பேர் எட்டிப் பார்ப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்களும் நானும் இப்போது எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சட்டப் பிரிவிலிருந்து வந்தவர் மட்டும் கொஞ்சம் நெளிந்தார். "பின்பக்கத்துல பொடி எழுத்துல 'இது விளம்பரம்'னு ஒரு வரி போட்டுடுங்க. அது போதும்."

போட்டார்கள்.

3.

புகை வேலையில் படு சுத்தம். கனமான தாள், நீலமையில் தளபதியின் கையெழுத்து, வட்ட முத்திரை. அந்தக் கையெழுத்தைத் தானே போட்டுப் போட்டுப் பழகினார். ஆள் பெயருக்கு மட்டும் கோடு விட்டு, அதைக் கையால் நிரப்ப வைத்தார். கடிதம் இது:

*தங்கள் குடும்பத்தைச் சேர்ந்த வீரர் ............ வடக்கு அரணில், உடன் இருந்தவர்களைப் பின்னே அனுப்பிவிட்டுத் தாம் ஒருவராக நின்று, இன்று வீழ்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். கடைசியாக அவர் வீட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.*

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் புகையின் கை தெரிகிறது. பாவி மனிதர்.

"சாதாரணத் தபால் வேண்டாம் மேடம். பதிவுத் தபால்ல போகட்டும். கையெழுத்து போட்டு வாங்கினாத்தான் கை நடுங்கும்," என்றார்.

அங்கேதான் சறுக்கியது. பதிவுத் தபால் பகலில் வரும். விளையாடுகிற ஆட்கள் பகலில் வேலைக்குப் போயிருப்பார்கள். முன்பதிவுப் படிவத்தில், விளையாட்டுப் பெட்டி வந்து சேருவதற்காக ஒரு கேள்வி இருந்தது: 'நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் யாரிடம் கொடுக்கலாம்?' மனைவி, மாமனார், எதிர்வீட்டு அக்கா என்று அவரவர் ஏதோ எழுதியிருந்தார்கள். தபால்காரர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். நானூறு கடிதங்களில் அறுபத்தொன்று, சாகாதவர்களின் வீட்டாரிடம் போய்ச் சேர்ந்தது.

அறுபது பேர் அலறினார்கள், போன் செய்தார்கள், ஆள் உயிரோடு இருப்பதைக் கேட்டு அழுதார்கள், பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டினார்கள். எல்லா செய்தியிலும் வந்தது. முன்பதிவு மூன்று மடங்கானது. மேடம் கேக் வெட்டினார்.

அறுபத்தொன்றாவது வீட்டிலிருந்து மட்டும் சத்தமே இல்லை.

4.

அந்த வீட்டுக்குப் புகையையே அனுப்பினார்கள். கையில் ஒரு காகிதம்: 'எங்களுக்குப் புகார் ஏதும் இல்லை.' கீழே கையெழுத்துக்கு இடம்.

"நீங்க போனா உருகிடுவாங்க. ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க," என்றார் மேடம்.

(அவர் மனம் கேட்காமல் தானாகவே மன்னிப்புக் கேட்கப் போனார் என்று முதலில் எழுதியிருந்தேன். நல்லவராக்கினால் உங்களுக்குப் பிடிக்கும் என்று பார்த்தேன். அடித்துவிட்டேன். அவர் போனது கையெழுத்துக்கு.)

கீழே சலவைக்கடை, மேலே வீடு. கடை முழுக்க நீராவி. காலரில் எண் சீட்டுக் குத்திய சட்டைகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. கடைக்காரி நாற்பது வயதுப் பெண், உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். புகை வந்த காரியத்தைச் சொன்னார். அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"நீங்கதான் எழுதினதா?"

"ஆமாங்க."

"நல்லா எழுதியிருக்கீங்க."

"நன்றிங்க," என்றார் புகை.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருபது வருடப் பழக்கம். "அந்த நன்றியை நினைச்சா இப்பவும் உடம்பெல்லாம் கூசுது சார்," என்று என்னிடம் சொன்னார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, "மேல வாங்க," என்றாள்.

மேலே அவளுடைய அப்பா. சவரம் செய்த முகம், தேய்த்த சட்டை. மேசைமேல் ஒரு நீளப் பதிவேடு, தேதி முத்திரை, மைப்பெட்டி. அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் தபால் பிரிவில் இருந்தவர். உள்ளே வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் எண் கொடுத்து, பொருள் எழுதி, உரிய இடத்துக்கு அனுப்புவது வேலை. ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் எண் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக ஞாபகம் சரியில்லை. வாயால் சொன்னது ஒரு நாளைக்குமேல் தங்காது. காகிதத்தில் இருப்பது தங்கும், தினமும் எடுத்துப் படிப்பதால்.

அவர்தான் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கியவர். பதிவேட்டில் இருந்தது: *எண் 217. பொருள்: மகன் மரணம்.*

அறை வாசலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் தண்ணீர்த் தம்ளரோடு நின்றிருந்தான்.

"உக்காருங்க," என்றார் அப்பா புகையிடம். "நம்ம பையன் விஷயமா வந்தீங்களா? இவரும் அவன் ஆபீஸ்தான். துக்கம் விசாரிக்க வந்திருக்கார். தங்கமான மனுஷன்."

தண்ணீர்த் தம்ளரோடு நின்றவன்தான் அந்தப் பையன்.

புகைக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து வெளியே படிக்கட்டுக்கு வந்துவிட்டார். பையனின் அக்காவான கடைக்காரியும் பின்னாலேயே வந்தாள்.

"எத்தனை தடவ எடுத்துச் சொன்னாலும் அன்னிக்கு ஒரு நாள் தலையாட்டுவார், அவ்வளவுதான். மறுநாள் காலையில சட்டைப் பையில கையை விட்டா கடுதாசி. திரும்ப முதல்லேர்ந்து அழுகை."

"எடுத்து ஒளிச்சு வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தோமே. பதிவேட்டுல நம்பர் இருக்கு, காகிதம் இல்ல. முப்பத்து நாலு வருஷத்துல ஒரு காகிதம் தொலைஞ்சதில்லயாம். பையனும் போயிட்டான், கடுதாசியும் போயிடுச்சுன்னு அன்னிக்கு முழுக்கச் சாப்பிடல. திருப்பிக் கொடுத்துட்டோம்."

"பின்பக்கத்துல பொடி எழுத்துல..."

"காட்டினோம். பின்பக்கத்துல இருக்கறது ஆணையில சேராதுன்னுட்டார்."

புகை கையிலிருந்த காகிதத்தை மடிக்கப் போனார்.

"இதோ பாருங்க," என்றாள் அக்கா. "உங்க பேப்பர்ல கையெழுத்துதானே வேணும், போடறேன். ஆனா நீங்க இன்னொண்ணு எழுதிக் கொடுக்கணும். அவன் சாகலன்னு. பெத்த பொண்ணு சொன்னா நம்பல, அவனே வந்து நின்னாலும் நம்பல. உங்க எழுத்தைத்தான் நம்பறார். நீங்களே எழுதுங்க."

5.

புகை எழுதினார். முதல் வரைவு என்னிடம் இருக்கிறது:

*விடியலின் முதல் வெளிச்சத்தில், இடிபாடுகளுக்கு நடுவே ஒரு கை அசைந்தது. அந்தக் கை, அன்றொரு நாள் தங்கள் விரலைப் பிடித்து நடை பழகிய அதே...*

போதும். நல்ல தாளில் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்பா படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுத்தார்.

"அருமையா எழுதியிருக்கு. யாரு அனுப்பினது? எந்தக் கடுதாசிக்குப் பதில் இது? ஒண்ணும் இல்லையே. இதெல்லாம் மொட்டைக் கடுதாசிக் கணக்கு. நாங்க எண்ணே போடமாட்டோம்."

இரண்டாவது வரைவில் மகனே பேசினான். மூன்றாவதில் தளபதி அழுதார். இரண்டும் குப்பைக்கூடைக்குப் போயின. புகைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் எழுத்துமேல் பயம் வந்தது. கொல்ல வந்த எழுத்து, காப்பாற்றச் சொன்னால் பேந்தப் பேந்த விழிக்கிறது. ஐந்தாம் நாள் கடைசியில் அவரையே கேட்டார்.

"ஐயா, தப்பா ஒரு ஆணை வந்துட்டா ஆபீஸ்ல என்ன செய்வீங்க?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகம் அப்படித் தெளிந்து அக்கா பார்த்து மாதக்கணக்காகிறது.

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல தம்பி. அதே ஆபீஸ், அதே முத்திரை, அதே அதிகாரி கையெழுத்து. மேல பார்வைன்னு போட்டு, எந்தக் கடுதாசின்னு எண் குறிக்கணும். கீழ ஒரே வரி. மேற்படி கடிதம் இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. அவ்வளவுதான்."

"காரணம்?"

"காரணமே எழுதக்கூடாது. காரணம் எழுதினா கேள்வி வரும்."

புகை அதை வரி பிசகாமல் எழுதிக்கொண்டார். மகனைத் திருப்பி வாங்குகிற வழியை அந்த மனிதரே சொல்லிக்கொடுத்தார், யாருக்கு என்று தெரியாமல்.

முத்திரையும் தாளும் கம்பெனியில் இருந்தன. புகை மேடத்திடம் போய்க் கேட்டார். சட்டப் பிரிவு முடியாது என்றது: ரத்துக் கடிதம் கொடுத்தால் முதல் கடிதம் தப்பு என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். மேடம் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒரு வழி இருக்கு. அப்பா கடுதாசியப் பிரிக்கிறார், பையன் உள்ள வர்றான், ரெண்டு பேரும் அப்படியே... ஐயோ, எனக்கே புல்லரிக்குது பாருங்க. சின்னக் கேமராங்க. மூலையில இருக்கும், அவருக்குத் தெரியவே தெரியாது. இதை எடுத்துட்டோம்னா, நம்மள திட்டின அத்தனை பேரும் அழுவாங்க."

கேமரா வந்தால் கடிதம் உண்டு. வராவிட்டால் கிடையாது.

6.

சொன்னபடி சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தம்ளரோடு நின்றவன் நான்தான்.

ஏன் இத்தனை நேரம் 'அவன்' என்று எழுதினேன் என்றால், அந்த வீட்டில் செத்துப்போனவன் 'நான்' என்று எப்படிப் பேசுவது? ஆரம்பத்தில் முயன்றேன். "அப்பா, நான்தாம்பா." "நீங்க பெரிய மனசு பண்ணி அப்படிச் சொல்றீங்க தம்பி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. விளையாட்டை முன்பதிவு செய்ததும் நான்தான், படிவத்தில் 'அப்பா' என்று எழுதியதும் நான்தான். மருந்துத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. உள்ளே போகும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அன்றைக்கு வெளியே வந்து பார்த்தபோது அக்காவிடமிருந்து முப்பத்தெட்டு அழைப்புகள். அந்த முப்பத்தெட்டையும் நான் இன்னும் அழிக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவனிடம் அப்பா நிறையப் பேசினார்.

"அவன் விளையாட்டுப் பைத்தியம் தம்பி. நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஒரு நாள் எதிர்த்துப் பேசினதில்ல. ஏதோ கதையெல்லாம் எழுதுவான். எனக்குக் காட்டமாட்டான். நான் திருட்டுத்தனமா எடுத்துப் படிச்சிருக்கேன். நல்லாவே இருக்கும். சொன்னதில்ல."

உயிரோடு இருந்தபோது இதில் ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு நாள் எனக்கு அந்தக் கடிதம் ரத்தாக வேண்டாம் என்றுகூடத் தோன்றியது. இன்னும் என்னவெல்லாம் சொல்வார் என்று கேட்க ஆசைப்பட்டேன். அவர் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார், நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். அசிங்கம்தான். எழுதாமல் விட்டிருக்கலாம்.

7.

முடிவுகள்.

(அ) கேமரா வருகிறது. அப்பா கடிதத்தைப் படிக்கிறார், நான் உள்ளே வருகிறேன், அவர் எழுந்து... இதை முழுதாக எழுதினேன். இரண்டரைப் பக்கம். படித்துப் பார்த்தேன், எனக்கே பிடித்துப்போயிற்று. அப்புறம்தான் உறைத்தது: இது மேடம் கேட்ட அதே விளம்பரம். வரிக்கு வரி. கிழித்தேன்.

(ஆ) புகை வேலையை விட்டெறிந்து, சட்டை மடிப்புக் கலையாமல் வெளியே நடக்கிறார். இதை அவரிடம் படித்துக் காட்டினேன். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார். நீங்க பாட்டுக்கு எறிஞ்சுட்டீங்க," என்றார். அடித்துவிட்டேன்.

(இ) அக்காவிடம் கேமரா விஷயத்தைச் சொன்னோம். சொன்னது நான். எனக்குக் கொஞ்சம் சபலம் இருந்தது, அப்பா சீக்கிரம் திரும்பக் கிடைப்பார் என்று. அவள் ஈரச் சட்டை ஒன்றை உதறிக்கொண்டே சொன்னாள்:

"மனுஷன் செத்தான்னு விளம்பரம் பண்ணாங்க. இப்ப பொழைச்சான்னு ஒரு விளம்பரமா? போகச் சொல்லு. நம்ம அப்பாவோட மூஞ்சி அவங்க கடைச் சரக்கு இல்ல."

இதுதான் நடந்தது. மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் புகை, மிச்சம் கிடந்த தலைமையகத் தாள்களில் ஒன்றை உருவினார். வடிவமைப்பவர் மேசையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தித் திரும்ப வைத்தார். தளபதியின் கையெழுத்து அவருடையதுதானே. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம், 'அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்' என்று சேர்க்கக் கை பரபரத்ததாம். சேர்க்கவில்லை.

*பார்வை: தங்கள் பதிவேட்டில் எண் 217 ஆகப் பதியப்பட்ட கடிதம். மேற்படி கடிதம் இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது.*

பதிவுத் தபாலில் அனுப்பினார். மேடத்திடம், அந்த வீட்டில் கேமராவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னார். இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார். இப்போது ஷாம்பு. கம்பெனியிடம் திருடிய ஒரு தாளைப் பற்றி அவருக்குக் கவலை இருக்கிறது. அதனால்தான் விளையாட்டின் பெயரை மாற்றிவிட்டு, கம்பெனி எது, ஊர் எது என்று நான் சொல்லாமல் இருக்கிறேன்.

8.

கடிதம் வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினார். பார்வையைப் படித்தார், பதிவேட்டில் 217-ஐத் தேடி எடுத்தார், எதிரே சிவப்பு மையில் 'ரத்து' என்று எழுதினார். இரண்டையும் ஒரு குண்டூசியில் கோத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பழைய காகிதத்தைக் கிழிக்க மாட்டேன் என்கிறார். ரத்தானாலும் ஆவணம்தானாம். கோப்பை எப்போதும் முதலிலிருந்துதான் படிக்க வேண்டுமாம்.

ஆகவே தினமும் காலையில் முதல் கடிதத்தைப் படிக்கிறார். பத்து நிமிடம் ஆகும். தாங்க முடியாமல் நடுவில் நிறுத்திக்கொள்வார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மறுபடி படிப்பார். அப்புறம் இரண்டாவது. அந்தப் பத்து நிமிடம் நான் செத்தவன். ஓடிப்போய் நிற்கக்கூடாது, முன்னாலேயே போனால் துக்கம் விசாரிக்க வந்தவனாகிவிடுவேன். இரண்டாவதை முடித்து அவர் நிமிரும்போது நான் வாசலில் இருக்க வேண்டும். அதற்காகவே மதிய ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்து என்ன சொல்கிறார் என்பது ஒவ்வொரு நாளும் வேறு. சில நாள் ஒன்றுமே சொல்வதில்லை. அக்காவுக்கும் எனக்கும்தான் தெரியும். ரத்துக் கடிதம் போனது தெரியாத மேடம், எங்கள் வீட்டுக் கதை வேண்டும் என்று மூன்று முறை ஆள் விட்டுக் கேட்டார், பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறோம், எழுதிக் கொடுத்தால் போதும் என்று. கொடுக்கவில்லை. இந்தக் கதை முழுவதும் உங்களுக்கு அதைச் சொல்லத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். இப்போது கை வரவில்லை. உங்களுக்கு வேண்டியதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிப்பிடித்தாலும் சரி, 'சாப்பிட்டியா' என்று கேட்டாலும் சரி, அடையாளமே தெரியாமல் போனாலும் சரி. எல்லாமே ஏதோ ஒரு நாள் நடந்ததுதான்.

இதைக் கீழே கடையில், சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று அவர் நிமிர்ந்தபோது நான்

"டேய், முதல் கடுதாசிய மடிச்சுட்டாருடா! சீக்கிரம் வா!"

அக்கா கூப்பிடுகிறாள். நான் போகிறேன். நீங்கள் இங்கேயே இருங்கள்.